கடலைப் பூட்டும் உரிமை

இந்தோனேசியாவின் கிழக்கே, மலுக்குத் தீவுக்கூட்டத்தில், ஹருக்கு என்றொரு சிறிய தீவு இருக்கிறது. அதே பெயருள்ள ஊரை ஒட்டி ஒரு சிற்றாறு ஓடிவந்து கடலில் சேர்கிறது. அந்த ஆற்றுக்கு வருஷா வருஷம் ஒரு விருந்தாளி வரும். லொம்பா என்று பெயர். நெத்திலிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். பகலெல்லாம் ஆற்றுக்குள் கூட்டங்கூட்டமாகக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் இரை தேடிக் கடலுக்குப் போகும். விடியுமுன் திரும்பி வந்துவிடும்.

வாசலில் வந்து படுத்துக் கிடக்கிற மீனைப் பிடிக்கப் பெரிய திறமை எதுவும் வேண்டாம். ஆனாலும் பிடிக்க மாட்டார்கள். ஏப்ரல், மே வாக்கில் குஞ்சுகள் கரையோரம் தலைகாட்டியதுமே ஆற்றை 'மூடி'விடுவார்கள். மூடுவது என்றால் வேலி எதுவும் கிடையாது. கம்பு நட்டு, தென்னங்குருத்தைக் கட்டி வைப்பார்கள். அதுதான் பூட்டு. லொம்பா வளர்ந்து முடிகிறவரை அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டபடி படகை ஆற்றுக்குள் கொண்டுவருவதும் குற்றம்தான்.

அப்புறம், சில மாதங்கள் கழித்து, ஊர் குறித்த இரவில் பூட்டு திறக்கும். மீன்கள் கடலில் மேய்ந்துகொண்டிருக்கும் நேரம். விடிவதற்கு வெகு முன்பே முரசு ஒலிக்கும். தென்னையோலைப் பந்தங்களைக் கொளுத்திக் கரையோரம் பிடிப்பார்கள். வெளிச்சத்துக்கு மயங்கி லொம்பா கூட்டம் பின்னாலேயே ஆற்றுக்குள் வரும். முழுக்க உள்ளே வந்ததும் முகத்துவாரத்தில் வலை கட்டுவார்கள். நீர் வற்றுகிற நேரத்தில் ஊரே இறங்கும். பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள். பெரியவர், சிறியவர், ஆண், பெண் எல்லோரும் அள்ளலாம்.

இந்த முறைக்கு சாசி என்று பெயர். கண்காணிப்பவர்கள் கெவாங் என்ற குழு. ஊரின் ஒவ்வொரு குலத்திலிருந்தும் ஆள் எடுத்து அமைக்கிறார்கள். இடையில் விதியை மீறியவருக்கு அபராதம். சிறுவனாக இருந்தால் பிரம்படி, எண்ணி ஐந்து. ஏன் ஐந்து? ஊரில் ஐந்து குலங்கள், ஒவ்வொன்றின் பொறுப்பையும் அவன் முதுகு சுமக்க வேண்டும் என்று விளக்கம் சொல்கிறார்கள். பிள்ளையை அடிப்பதை நான் மெச்சவில்லை. ஆனால் கணக்கைக் கவனியுங்கள். அவன் திருடியது மீனை மட்டுமல்ல, ஐந்து வீட்டு உரிமையை என்று அந்த எண்ணிக்கை சொல்கிறது. இந்தக் கெவாங் குழுவுக்கு 1985-இல் இந்தோனேசிய அரசு கல்பதரு என்ற சுற்றுச்சூழல் விருதைக் கொடுத்தது.

சரி, கட்டுரையின் பொருளுக்கு வருவோம். பூர்வகுடிகளின் வழக்காற்றுச் சட்டம் என்று சொன்னால் பலருக்கும் மனதில் எழுவது ஏதோ சடங்கு, நம்பிக்கை, பாட்டி கதை. இருக்கலாம், அவையும் உள்ளேதான் இருக்கின்றன. ஆனால் ஹருக்குவில் நடப்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் உள்ளே முழுச் சட்டம் ஒன்று தெரியும். யார் பிடிக்கலாம், எங்கே, எப்போது, எதைக்கொண்டு என்று நான்கு கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. மீறினால் என்ன ஆகும் என்று தண்டனை இருக்கிறது. தண்டிக்க அதிகாரமுள்ள ஆள் இருக்கிறார். எழுதி, முத்திரை குத்தி, அரசிதழில் வெளியிடவில்லை, அவ்வளவுதான். எல்லோரும் நீண்டநாள் கடைப்பிடித்து, 'இதுதான் முறை' என்று ஒப்புக்கொண்டதால் அது சட்டமாயிற்று. வழக்காறு என்ற சொல்லுக்கே அதுதானே பொருள்.

நிலத்தில் இதைப் புரிந்துகொள்வது சுலபம். வரப்பு தெரியும், வேலி தெரியும். கடலில்தான் சிக்கல். தண்ணீரில் கோடு நிற்காது. மீன் ஓரிடத்தில் இருக்காது. அதனால் கடல் பொதுச்சொத்து, அதாவது யாருடையதும் இல்லை என்று நாம் இயல்பாகவே நினைத்துக்கொள்கிறோம். இந்த நினைப்புக்கே ஒரு வரலாறு உண்டு. 1609-இல் ஹ்யூகோ குரோஷியஸ் என்ற டச்சுச் சட்ட அறிஞர், கடலை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது என்று வாதிட்டார். கிழக்கிந்தியக் கடலில் போர்த்துக்கீசியர் வைத்திருந்த ஆதிக்கத்தை உடைக்க டச்சு வணிகக் கம்பெனிக்கு அந்த வாதம் தேவைப்பட்டது. அதே கம்பெனி பிறகு மலுக்குத் தீவுகளின் கிராம்பு, சாதிக்காய் வணிகத்தை வேறு யாரும் நெருங்க முடியாதபடி தன் பிடிக்குள் வைத்துக்கொண்டது. கடல் எல்லோருக்கும் பொது என்று சொன்னவர்கள்தான்! ஆக, 'கடலுக்குச் சொந்தக்காரர் கிடையாது' என்பதும் ஒரு தரப்பின் சட்டம்தான், இயற்கை நியதி அல்ல.

பசிபிக் தீவுகளில் போய்ப் பார்த்தால் படமே வேறு. ஃபிஜியில் கரையோரக் கடல் கொலிகொலி என்ற பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. 400-க்கும் மேற்பட்டவை பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மீன்பிடிக்கும் உரிமை ஒரு குறிப்பிட்ட குலத்துக்கு அல்லது குலங்களின் கூட்டத்துக்கு. ஹவாயில் மலையுச்சியில் தொடங்கி ஓடை வழியாக இறங்கி, வயல்களைத் தாண்டி, பவளப்பாறை விளிம்புவரை நீளும் ஒரே துண்டு, ஒரே ஆட்சி. அதற்கு அஹுபுவாஆ என்று பெயர். மேலே மண் சரிந்தால் கீழே மீன் சாகும் என்பது தெரிந்தவர்கள் போட்ட எல்லை அது. இன்றைய அரசுகளில் வனத்துறைக்கு ஒரு கட்டடம், மீன்வளத்துறைக்கு வேறொரு கட்டடம்.

கால அளவிலும் பல வகை உண்டு. ஃபிஜியில் தலைவர் ஒருவர் இறந்தால் அவர் குலத்தின் கடலில் ஒரு பகுதியை 100 இரவுகளுக்கு மூடுவது வழக்கம். துக்கம் முடியும் நாளில் திறந்து, கிடைக்கும் மீனில் விருந்து நடக்கும். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் ராஹுய் என்ற தடையை, கடலில் யாராவது மூழ்கி இறந்தாலும் விதிப்பார்கள், சிப்பி குறைந்துபோனாலும் விதிப்பார்கள். பலாவ் தீவுகளில் இதே மாதிரித் தடைக்கு புல் என்று பெயர். 1994-இல் அங்கே வடக்குப் பகுதித் தலைவர்கள், களவா மீன்கள் முட்டையிடக் கூட்டமாக வந்து சேரும் பவளப்பாறைக் கால்வாய்களை இனப்பெருக்க மாதங்களில் மூடினார்கள். எந்த நிலவு நாளில் எந்த மீன் எங்கே கூடும் என்பது பலாவ் மீனவர்களுக்கு அத்துப்படி. ராபர்ட் ஜோஹன்னஸ் என்ற கடல் உயிரியலாளர் 1970-களில் அங்கே போய் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்த பிறகுதான் அந்த அறிவுக்கு வெளியுலகில் மதிப்பு வந்தது. மேற்கு நாடுகள் 20-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்ததாக நினைத்த மீன்வளக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை பசிபிக் தீவுகளில் பல நூற்றாண்டுகளாக நடைமுறையில் இருந்தவை என்று அவர் எழுதினார்.

சுமத்ரா தீவின் வடமுனையில் உள்ள ஆச்சேயில் கடலை ஆளும் ஒரு பதவி உண்டு. பங்லிமா லவொட், கடல் தளபதி. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட சுல்தான் இஸ்கந்தர் மூடா காலத்துப் பதவி என்று சொல்வார்கள். ஒவ்வொரு விரிகுடாவுக்கும் ஒருவர். வலைத் தகராறு வந்தால் அவர்தான் நீதிபதி. ஒருவர் கடலில் காணாமல் போனால் மற்றப் படகுகள் தேடிப் போக வேண்டும் என்பதும் அவர் காக்கும் விதிகளில் ஒன்று. வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது. மீறினால் பிடித்த மீன் பறிமுதல், படகுக்குச் சில நாள் கடல் தடை. எனக்குப் பிடித்த தகவல் இனிமேல்தான் வருகிறது. கடலுக்குப் போகக்கூடாத நாட்களின் பட்டியலில் டிசம்பர் 26-உம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு சேர்த்தது. 400 ஆண்டுப் பழமை பேசும் சட்டத்தில் நேற்றைய துக்கத்துக்கு ஒரு வரி. வழக்காறு என்றாலே மாறாதது, உறைந்துபோனது என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

இன்னொரு பொதுவான தவறையும் இங்கேயே கழித்துவிடலாம். பூர்வகுடிகள் இயற்கையின் காவலர்கள், அவர்கள் சட்டமெல்லாம் இயற்கைப் பாதுகாப்புக்காகவே பிறந்தது என்று ஒரு அழகான கதை சுற்றி வருகிறது. முழு உண்மை அல்ல. சாசியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பழைய வடிவத்தில், முற்றாத தேங்காயை யாரும் திருடாமல் பார்த்துக்கொள்வது முக்கிய வேலை. டச்சு ஆட்சியில் விளைச்சலைப் பெருக்க அதிகாரிகளே அதற்கு முட்டுக் கொடுத்தார்கள். 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு' என்ற உடையை அது உடுத்திக்கொண்டது 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஃபிஜியின் 100 இரவுத் தடையும் மரியாதைக்கும் விருந்துக்கும் உரியது. மீன் பெருகுவது கூடவே கிடைக்கும் பலன்.

இதைச் சொல்வதால் இந்தச் சட்டங்களின் மதிப்பு குறையாது. அவற்றின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. இந்தக் கடலில் 'இப்போது வேண்டாம்' என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருக்கிறது, சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். இதுதான் அடித்தளம். அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் 1968-இல், பொதுவில் கிடக்கும் எந்த வளமும் ஆளாளுக்கு எடுத்து அழிந்தே தீரும் என்று எழுதியது மிகவும் புகழ்பெற்றது. அவர் விவரித்தது கேட்பாரற்ற வளத்தை. ஊருக்குப் பொதுவான வளமும் கேட்பாரற்ற வளமும் ஒன்றல்ல என்று ஆதாரங்களை அடுக்கிக் காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ஹருக்கு ஆற்றைக் கேட்க ஆள் இருக்கிறது, அதனால் லொம்பாவும் இருக்கிறது.

ஃபிஜியில் உசுனிவனுவா என்ற ஊரில் இது கண்ணெதிரே நடந்தது. மட்டி குறைந்துகொண்டே வந்தது. பெண்கள் கரைச்சேற்றில் மணிக்கணக்கில் தடவினாலும் கூடை நிரம்பவில்லை. 1997-இல் ஊர்க்காரர்கள் 24 ஹெக்டேர் பரப்பைத் தடைப்பகுதியாக அறிவித்தார்கள். பல்கலைக்கழக ஆட்கள் எண்ணும் முறையைச் சொல்லிக்கொடுக்க, ஊர்க்காரர்களே மட்டியை எண்ணினார்கள். தடைப்பகுதிக்குள் மட்டி பெருகியது, வெளியிலும் பெருகியது. அதைப் பார்த்துப் பல ஊர்கள் பின்தொடர்ந்தன. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த உரிமையைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. சந்தை கடலுக்கு வந்தால் பூட்டின் குணம் மாறிவிடும். லொம்பா ஊர்ச் சட்டியில் வேகும் மீன். கடல் அட்டையும் சட்டைப் பொத்தான் செய்ய உதவும் ட்ரோக்கஸ் சிப்பியும் அப்படியல்ல, வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு. மலுக்குவின் சில ஊர்களில் சாசி திறக்கும் நாளின் அறுவடை உரிமையையே வியாபாரிகளுக்கு ஏலம் விட்டார்கள். மூன்று வருஷம் மூடி வைத்துச் சேர்த்ததை மூன்றே நாளில் துடைத்தெடுக்கலாம். உண்டியலை உடைப்பது மாதிரி. மூடுவதற்கு விதி இருந்து, திறந்தபின் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு விதி இல்லாமல் போனால் வேறென்ன ஆகும்? உள்ளூர்த் தலைவர்களே பங்கு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிய இடங்களும் உண்டு. சில ஊர்களில் கெவாங் சொல் எடுபடாமல் போய், தேவாலயத்தில் ஜெபம் செய்து சாசியை அறிவிக்கிறார்கள். காவலருக்குப் பயப்படாதவன் கடவுளுக்குப் பயப்படுவான் என்ற கணக்கு.

வெளியிலிருந்து வரும் அடி இன்னும் பலமானது. 1979-இல் இந்தோனேசியா நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான கிராம நிர்வாகச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மலுக்குவின் பழைய ஊர்த்தலைமை அமைப்புகள் காகிதத்தில் இல்லாமல் போயின. தலைமை போனால் தடை போட யார்? ஹவாயில் 1839-இலேயே அரசர் மூன்றாம் கமேஹமேஹா, கரையோர மீன்வளத்தில் குடிகளுக்கும் நிலத் தலைவர்களுக்கும் உள்ள பங்கை எழுத்துச் சட்டமாக்கியிருந்தார். தீவுகளை இணைத்துக்கொண்ட அமெரிக்கா 1900-இல் கொண்டுவந்த சட்டம் அந்தத் தனி உரிமைகளை எல்லோருக்கும் திறந்துவிட ஏற்பாடு செய்தது. காவாய் தீவின் ஹாஏனா ஊர், தன் கடலுக்குத் தன் மரபையொட்டிய விதிகளைச் சட்டமாக்க 2015 வரை காத்திருந்தது.

அரசின் சட்டமும் ஊரின் சட்டமும் ஒரே கடலில் மோதும்போது என்ன நடக்கும் என்பதற்கு நியூசிலாந்தின் தே வீஹி வழக்கை மிஞ்சிய பாடம் கிடையாது. 1984-இல், தென்தீவில் மோட்டுனாவு கடற்கரை. டாம் தே வீஹி என்ற மாவோரி ஒருவர் பாவா சிப்பிகளை எடுத்துக்கொண்டு வருகிறார். பாறையில் ஒட்டி வளரும், ஒற்றை ஓடு கொண்ட சிப்பி அது. மீன்வள அதிகாரி அளந்து பார்க்கிறார். சட்டம் சொன்ன அளவைவிடச் சின்னவை. வழக்கு பதிவாகிறது. கீழ் நீதிமன்றம் குற்றம் என்கிறது.

தே வீஹி சொன்னது இதுதான்: நான் இந்தப் பகுதிக்காரன் அல்ல, வேறு குலம். அதனால் இந்தக் கரைக்கு உரிய ஙாய் தஹு குலத்தின் காப்பாளரிடம் போய் அனுமதி கேட்டேன். கொடுத்தார். விற்பதற்காக எடுக்கவில்லை, சாப்பிட எடுத்தேன். 1986-இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மாவோரி மீன்பிடி உரிமைகள் எதையும் இந்தச் சட்டம் பாதிக்காது என்று மீன்வளச் சட்டத்திலேயே ஒரு வாசகம் பல ஆண்டுகளாகச் செயலற்றுக் கிடந்தது. நீதிபதி அதற்கு உயிர் கொடுத்தார். இரண்டு சட்டங்களும் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். அதிகாரியின் அளவுகோல் 'எவ்வளவு பெரியது?' என்று கேட்டது. மாவோரி வழக்காறு 'யாரிடம் கேட்டாய்?' என்று கேட்டது. அந்தத் தீர்ப்பு திறந்த வழியில் 1992-இல் மாவோரிகளோடு மீன்வள உடன்பாடு வந்தது. பிறகு வந்த விதிகளின்படி, அந்தந்தக் கரையின் காப்பாளர்கள் வழக்காற்றுத் தேவைகளுக்கான அனுமதியை எழுத்தில் கொடுக்கிறார்கள்.

எழுதி வைப்பதால் வழக்காறு பிழைக்குமா, இல்லை வேறொன்றாக மாறிவிடுமா? இரண்டும் நடக்கும் என்பதுதான் என் எண்ணம். எழுதினால் கம்பெனிக்காரர் வரும்போது காட்ட ஒரு காகிதம் இருக்கும். இந்தோனேசியாவில் 2007-இல் வந்த ஒரு சட்டம், கரையோரக் கடலைத் தனியாருக்கு உரிமமாகக் கொடுக்க வழி செய்தது. மீனவர் அமைப்புகளும் மற்றவர்களும் வழக்குப் போட, 2011-இல் அரசமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சிலியில் 2008-இல் வந்த லாஃப்கென்சே சட்டம், பூர்வகுடிகள் வழக்கமாகப் பயன்படுத்திவந்த கடற்பகுதியை அவர்கள் நிர்வாகத்துக்கே விட வழி செய்கிறது. ஐ.நா. 2007-இல் நிறைவேற்றிய பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தில் நிலத்தோடு நீரும் கரையோரக் கடலும் சேர்ந்தே இடம்பெற்றிருக்கின்றன. எதிர்ப்பக்கம் ஃபிஜி இருக்கிறது. அங்கே மீன்பிடிக்கும் உரிமை குலங்களுக்கு இருந்தாலும் கடற்படுகை அரசினுடையது. அதையும் குலங்களுக்கே திருப்பித் தர 2006-இல் ஒரு மசோதா வந்தது. சுற்றுலா விடுதிக்காரர்கள் பதறினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது சொன்ன காரணங்களில் அந்த மசோதாவும் ஒன்று.

எழுத்தில் கொண்டுவரும்போது எது தவறிப்போகும் என்பதை ஆஸ்திரேலியாவின் வடகரையில் பார்க்கலாம். 1996-இல் அங்குள்ள பூர்வகுடிகளான யோல்ங்கு மக்களின் புனித இடமொன்றில், அனுமதியில்லாமல் கொடுவா மீன் பிடிக்க வந்தவர்கள் போட்ட முகாமில், வெட்டிய முதலைத் தலை ஒன்று கிடந்தது. அந்த இடத்தின் மூதாதையே முதலைதான். யோல்ங்கு ஓவியர்கள் மரப்பட்டையில் வரையத் தொடங்கினார்கள். 80 ஓவியங்கள். எந்த நீரோட்டம் எந்தக் குலத்தினுடையது, நன்னீரும் உப்புநீரும் எங்கே கலக்கின்றன, எந்த மூதாதை எந்த வழியாகக் கடலுக்குள் போனார் என்றெல்லாம் அவற்றில் இருந்தன. நாம் கோலம்போல ரசிக்கக்கூடிய அந்தக் குறுக்குக் கோடுகள் அவர்களுக்குப் பட்டாப் பத்திரம்.

வழக்கு உயர்ந்தபட்ச நீதிமன்றம்வரை போய் 2008-இல் யோல்ங்கு மக்கள் வென்றார்கள். அவர்கள் நிலத்தை ஒட்டி, நீர் ஏறி வற்றும் கரைப்பகுதியில் மீன்பிடிக்க அரசின் உரிமம் மட்டும் போதாது, அவர்களின் அனுமதியும் வேண்டும். வடபிரதேசக் கரையில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு இது பொருந்தும். ஆனால் நீதிமன்றம் இந்த முடிவுக்கு வந்தது ஓவியங்கள் சொன்ன சட்டத்தின் வழியாக அல்ல. 1976-இல் நாடாளுமன்றம் போட்ட நில உரிமைச் சட்டத்தின்கீழ் கொடுத்த பத்திரத்தில் 'நீர் வற்றும் எல்லைவரை' என்று எழுதியிருந்தது. ஆகவே அந்த எல்லையைத் தாண்டிக் கடலுக்குள் நங்கூரம் போடும் படகுக்கு யோல்ங்கு அனுமதி தேவையில்லை. ஓவியங்களில் நீரோட்டம் அந்தக் கோட்டில் நிற்காமல் மேலே போகிறது.